ஈருருளி விபத்து வழக்கில் வினைச்சொல்

கலைச்சொல்லாக்கம் பற்றி நம் துறையில் எழுந்துள்ள ஆய்வுகளுட் பெரும்பாலன பெயர்ச்சொல்லையே பொருளாகக் கொண்டவை. மோட்டார் சைக்கிளை ஈருருளி என்பதா, உந்துருளி என்பதா. நட்டஈடு என்பதா, இழப்பீடு என்பதா என்னும் வினாக்கள் நெடுநாளாக ஆராயப்பெறுகின்றன. அவற்றைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. (மூன்றாம் உருளையுடைய பக்கவண்டியைப் பூட்டிய பின்னும் அது மோட்டார் சைக்கிளே என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கொள்வதை, ஈருருளி என்பார் எண்ணுதல் வேண்டும்.) ஆயின், காயமுற்றோர் வழக்கில் பெறுவதும் இழப்பதும் பெரிதும் வினைச்சொல்லைப் பற்றியன என்பதே யாம் ஈண்டு நிறுவப் புகுவது.

சென்னை–சேலம் இருப்புப்பாதையில் உள்ள மொரப்பூரில், அரூர் செல்லும் சாலையோரத்துப் பட்டறைகளில் 'பிரேக் புடிக்கல' என்னும் தொடரைக் கேட்கலாம். எழுத்து வழக்கில் அது 'பிரேக் பிடிக்கவில்லை' என்றாகும். பட்டறையில் இதன் பொருள் தெளிவு. பிரேக் தன் தொழிலைச் செய்யவில்லை என்பதே. ஆண்டு 'பிரேக்' எழுவாய். அதே தொடர் காவல் நிலையத்தில் வாக்குமூலமாகப் பதிவுறுங்கால், ஓட்டியவர் பிரேக்கைப் பிடிக்கவில்லை என்றும் பொருள்படும். அந்நிலையில் 'பிரேக்' இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கு நின்றது. ஓட்டியவரே தோன்றா எழுவாய். முன்னது எந்திரப் பழுது, பின்னது கவனக்குறைவு.

புலி யானையைக் கொன்றதோ, யானை புலியைக் கொன்றதோ எனத் தடுமாறு தொழிற்பெயர்க்கு உரைகாரர் காட்டும் ஐயம் மாணவரும் அறிந்ததே. ஈண்டுள்ளது முற்றுவினையாதலின் தொல்காப்பிய விதி நேரே பொருந்தாது; ஐயத்தின் இயல்பு மட்டும் ஒன்றே. விளைவோ இலக்கண வகுப்போடு முடிவதன்று. பழுதென வாதிடும் வண்டியுரிமையாளர், தக்கவாறு பேணியும் அது புலப்படாது மறைந்திருந்தது என மெய்ப்பித்தாலன்றிப் பொறுப்பினின்றும் நீங்கார். ஓட்டியவரே காயமுற்று வழக்கிடின், அவர் சொல்லிய தொடரே அவர்க்கு எதிராகத் திரும்பவுங் கூடும். பிரேக்கைப் பிடியாமை அவர்தம் பங்குக் கவனக்குறைவு எனக் கொள்ளப்படின், இழப்பீடு அவ்வளவிற்குக் குறையும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை இவ்வையத்தை ஒருவாறு நீக்கலாம்; பிரேக்கிற்கு எத்துணைத் தூய தமிழ்ப்பெயர் சூட்டினும் நீங்காது.

'மோதிக்கொண்டன' என்பதும் இத்தகையதே. லாரி மோட்டார் சைக்கிள்மீது மோதியது என்பதற்கும், இரண்டும் மோதிக்கொண்டன என்பதற்கும் இடையே நிற்பது 'கொள்' என்னும் துணைவினை. அது தொழிலை இருபாற்கும் பொதுவாக்கிவிடுகின்றது. நாளிதழ்ச் செய்திக்கு இது தீங்கன்று. முறையீட்டில் எழுதப்படின், உசாவலுக்கு முன்பே பிழையில் ஒரு பங்கு காயமுற்றவர்மேற் சுமத்தப்படுகின்றது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்னும் இரட்டையோ எவ்வழக்கிற்கும் வருதலின், நடந்தது யாதென அதனால் அறிதற்கில்லை.

இதற்குத் தீர்வாகப் புதுச்சொல் படைக்க வேண்டுவதின்று. பட்டறையாரே 'பிரேக் அடிச்சேன், நிக்கல' என்பர். 'அடி' என்னும் வினைக்கு ஓட்டுபவரன்றி வேறு வினைமுதல் இல்லை. 'நில்' என்பதற்கு வண்டியே வினைமுதல். ஒரு வினையில் மயங்கியது இருவினையிற் பிரிந்துவிடுகின்றது. சட்டச் சொல்லகராதி தொகுப்போர் இவ்வழக்கைக் கொச்சையெனத் தள்ளாது, 'பிரேக் அடித்தல்' எனத் தனிப்பதிவாகச் சேர்த்தல் தகும். வாக்குமூலம் எழுதுவோரும் 'பிடிக்கவில்லை' என வருமிடத்து 'ஐ' உருபு உண்டோ இன்றோ என ஒருமுறை கேட்டெழுதுவாராக.