அச்சத்தின் களம்: ‘சுழல்’ தொடரும் காண்போர் மதிப்பீடும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் களங்களை நான்காக வகுக்கிறது. அவற்றுள் அணங்கும் விலங்கும் கள்வரும் புறத்தே நின்று அச்சுறுத்துவன. நான்காவதாகிய ‘இறை’ அத்தகையதன்று. தந்தை, ஆசிரியர், அரசர் முதலாய வணங்கத்தக்கோரை உரையாசிரியர் இதன்கண் அடக்குவர். புஷ்கர் – காயத்ரி இணையர் உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ தொடரைக் காண்போரின் மதிப்பீடு எட்டுப் பகுதிகளுக்குள் பன்முறை மாறுவதற்கான காரணத்தை இவ்வகைப்பாட்டின் துணைகொண்டு விளக்க இயலும்.

2022 சூன் 17 அன்று அமேசான் பிரைம் தளத்தில் இத்தொடரின் எட்டுப் பகுதிகளும் ஒருங்கே வெளியாயின. தூர்தர்சன் காலத்துக் காண்போனுக்கு ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே ஒரு வாரம் இருந்தது. அவ்விடைவெளியில் அவன் பிறரோடு வாதிட்டுத் தன் கருத்தை உறுதிசெய்துகொண்டான். இங்கு அவ்விடைவெளி இல்லை. ஓரிரவில் உருவாகும் கருத்து அவ்விரவிலேயே கலைகிறது.

சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் சிமெண்டுத் தொழிற்சாலை எரியும் இரவில் நிலா என்னும் பெண் காணாமற்போகிறாள். ஊரில் மயானக் கொள்ளை விழா தொடங்குகிறது. முதலிரு பகுதிகளைக் காண்போர், அங்காளம்மன் வேடமும் சுடுகாடும் வெறும் காட்சியழகிற்காகக் கொணரப்பட்டவை என எண்ணுதல் இயல்பே. மயானக் கொள்ளை மேல்மலையனூரை நடுவாகக் கொண்டு வடதமிழகத்தில் வழங்கும் விழா. மாசி மாத அமாவாசையை ஒட்டி நிகழ்வது. அதனை மலைப்பாங்கான கற்பனை ஊரொன்றில் பெயர்த்து நட்டிருப்பது நாட்டார் வழக்காற்றியலாருக்கு உவப்பளிக்காது. இக்குறை இறுதிவரை நீங்கவுமில்லை.

ஆயினும் விழா வெறும் அணியாக நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் அச்சத்தின் களம் அணங்கு. இடைப்பகுதிகளில் அது கள்வராகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகம், ஆலை முதலாளி, காவல் ஆய்வாளர் ரெஜினா என ஐயம் ஒருவரிடமிருந்து மற்றொருவர்பால் தாவுகிறது. இவ்விடத்தில் தொடர் தளர்கிறது என்பதை மறைத்தற்கில்லை. ஐயத்தை வளர்த்தற்பொருட்டே சில காட்சிகள் நீட்டப்பட்டுள்ளன. பொறுமையிழந்த காண்போர் இதனையும் வழக்கமான துப்பறியும் கதைகளுள் ஒன்றென ஒதுக்கிவிடக்கூடும். பார்த்திபன், சிரியா ரெட்டி ஆகியோரின் நடிப்பே இப்பகுதிகளைத் தாங்கி நிற்கிறது.

இறுதியில் அச்சத்தின் களம் வீட்டிற்குள் பெயர்கிறது. நிலாவும் அவள் தமக்கை நந்தினியும் சிறுவயதில் எய்திய கொடுமைக்குக் காரணமானவர் நம்பிக்கைக்குரிய நெருங்கிய உறவினரே என்பது வெளிப்படுகிறது. இலக்கணம் கூறும் இறையச்சம் மதிப்பின்பாற்பட்டது. தொடர் காட்டுவதோ அம்மதிப்பின் மறைவில் வளர்ந்த கொடுமையை. நந்தினி முன்னர்க் காட்டிய எரிச்சல், விலகல், ஊரைவிட்டு நீங்கியிருந்தமை ஆகிய யாவும் இப்போது வேறு பொருள் தருகின்றன. முதற்பகுதியில் அவளைக் கடுமையானவள் என மதிப்பிட்ட காண்போர் தம் மதிப்பீட்டையே மறுவாசிப்புச் செய்ய நேர்கிறது. ஐசுவர்யா ராசேசு இதனை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காமல் நடித்திருப்பது குறிப்பிடத்தக்கது. அணங்கின் வேடத்தை அஞ்சிய கண், வேடமற்ற முகத்தை அஞ்சக் கற்கிறது. விழாவின் பொருத்தமும் இவ்விடத்திலேயே புலனாகிறது.

இப்பெயர்ச்சிக்குத் தொடர் கொடுக்கும் விலையும் உண்டு. தொழிலாளர் போராட்டம், ஆலையின் ஆதிக்கம் எனத் தொடங்கிய சமூக வினாக்கள் குடும்ப மறைபொருளின் முன் ஒளியிழக்கின்றன. தீயில் வேலையிழந்தோர் என்னவாயினர் என்பதைத் தொடர் போதிய அளவில் பின்தொடரவில்லை. வீட்டுக் கொடுமையும் ஆலைக் கொடுமையும் ஒரே அதிகார வேரின என்று காட்டும் வாய்ப்பு அருகிலிருந்தும் நழுவவிடப்பட்டது.

2025 பிப்ரவரியில் வெளியான இரண்டாம் பருவம் காளிபட்டணத்தையும் எட்டுக் காளியர் விழாவையும் எடுத்துக்கொண்டது. ஆனால் முதற்பருவத்தைக் கண்டவர் இப்போது பயிற்சி பெற்ற காண்போர். விழாவில் அவர் அணங்கைத் தேடுவதில்லை. வணங்கப்படுவோரையே முதலில் ஐயுறுகிறார். முதற்பருவம் எட்டுப் பகுதிகளில் ஈட்டிய அதிர்ச்சியை இரண்டாம் பருவம் அதே வழியில் பெற முடியாமற்போனதற்கு இதுவே தலையாய காரணம்.