நான்கெழுத்தில் அடங்குமா ஆள்?

கல்லூரி வேலைவாய்ப்புப் பயிற்சிகளிலும் நிறுவனங்களின் பயிலரங்குகளிலும் ஒரு கேள்வித்தாள் அடிக்கடி கைக்கு வருகிறது. கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா? திட்டமிட்டுச் செய்வீர்களா, போகிற போக்கில் முடிவெடுப்பீர்களா? விடைகளைக் கூட்டி, பதினாறு வகைகளில் ஒன்றில் ஆளை நிறுத்தி, நான்கெழுத்துப் பெயரும் சூட்டுகிறார்கள். உளவியலாளர் கார்ல் யுங் ஆளுமை வகைகள் பற்றி 1921இல் வெளியிட்ட நூலை அடியொற்றி, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் வளர்த்தெடுத்த முறை இது. இருவரும் முறைப்படி உளவியல் பயின்றவர்கள் அல்லர்.

இதன் நன்மை உண்மையானது. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் போன்ற ஓர் இடத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஓதம் பார்த்து நீர் மாதிரி எடுக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் மிதவை உயிரிகளை மணிக்கணக்கில் எண்ண வேண்டும். குழுவில் ஒருவர் முந்தின இரவே பட்டியல் போட்டு வைப்பார். இன்னொருவர், “தண்ணியப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்பார். முதலாமவர் கண்ணுக்கு இரண்டாமவர் பொறுப்பற்றவர். இரண்டாமவர் கண்ணுக்கு முதலாமவர் நச்சரிப்பவர். “இருவர் வேலை செய்யும் விதமும் வேறு, அவ்வளவுதான்” என்று சொல்ல ஒரு வழி கிடைத்தால் குற்றச்சாட்டு வேலைப் பங்கீடாக மாறும். வகைப் பேச்சின் பலம் இங்கேதான்.

பலவீனம் அளவையில் இருக்கிறது. மனிதர்களில் பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்கள். நடுவில் கோடு கிழித்தால், அதை ஒட்டி நிற்பவர் இன்று ஒரு பக்கம், அடுத்த மாதம் மறுபக்கம். சில வாரம் கழித்து அதே தாளை மீண்டும் எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வேறு வகை வந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தொழில் வழிகாட்டலுக்கு இதைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 1991இலேயே சொல்லிவிட்டது. ‘என்னை அப்படியே சொல்லுதே’ என்ற வியப்பும் சான்றாகாது. உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் 39 மாணவர்களுக்கு ஒரே ஆளுமைக் குறிப்பைத் தனித்தனியே எழுதியதுபோலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் இட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்கைத் தாண்டியது.

இடமும் ஆளை மாற்றுகிறது. பரங்கிப்பேட்டையை அடுத்த அன்னங்கோவில் மீன் இறங்குதளத்துக்குப் படகு வந்ததும், கடலில் வார்த்தையை எண்ணிப் பேசியவரே ஏலத்தில் குரலை உயர்த்துவார். அவர் தனிமை நாடும் அகமுகத்தவரா, கூட்டம் நாடும் புறமுகத்தவரா? கடலில் பேச்சைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம்; கரையில் பேசாவிட்டால் விலை போகாது. நடத்தையைக் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சூழலுக்கும் பெரும்பங்கு உண்டு என்று உளவியலாளர் வால்டர் மிஷல் 1968இல் எழுப்பிய விவாதத்தின் சாரமும் இதுதான்.

நமக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சாதியையும் நட்சத்திரத்தையும் வைத்து “அவன் அப்படித்தான்” என்று முடித்துவிடும் பழக்கம் இங்கே பழையது. அதே வாக்கியத்துக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டால் எதிர்த்துப் பேசுவது இன்னும் கடினம். ‘இவர் மக்களோடு பழகும் வகை இல்லை’ என்று மேலாளர் கோப்பில் எழுதினால், கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அந்த ஊழியருக்கு அடைபடும். ஆளெடுப்புக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த முறையை நடத்துபவர்களே சொல்கிறார்கள்.

ஆளை வகையில் அடைக்காமல் ஒவ்வொரு பண்பும் எவ்வளவு என்று பார்க்கும் ‘ஐம்பெரும் பண்புகள்’ முறைக்கு ஆய்வு வலு அதிகம். ஆனால் எந்த அளவையும் குழுவைத் தானாக இணைத்துவிடாது. தவறைச் சொன்னால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே நன்றாகக் கற்றுக்கொள்கின்றன என்று ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் காட்டினார்.

எனவே கேள்வித்தாள் பேச்சைத் தொடங்கி வைக்கட்டும்; தீர்ப்பு எழுத வேண்டாம். வேலை தொடங்குமுன் உனக்கு என்ன தெரிய வேண்டும், எப்போது குறுக்கிடக் கூடாது, தவறை எப்படிச் சொன்னால் ஏற்பாய் என்று ஒருவரையொருவர் நேரே கேட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆறு மாதத்தில் விடை மாறினால் மறுபடி கேட்டுக்கொள்ளலாம். முத்திரை குத்திவிட்டால் யாரும் கேட்பதில்லை.