மாறாத மாறி: ரஸ்ட் படிக்க வருபவர்களின் முதல் கேள்வியும் என் தப்பான பதிலும்

வார இறுதியில் ஐந்தாறு பேருக்கு ரஸ்ட் மொழி சொல்லிக்கொடுத்து வருகிறேன். போன சுற்றில், முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி கேட்டார்: "அண்ணா, மாறாத மாறின்னா அது மாறிலிதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

எல்லாரும் சிரித்தோம், அவரும்தான். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவர். பள்ளிக் கணக்கில் மாறி என்றால் மாறுவது, மாறிலி என்றால் மாறாதது. அதை வைத்துத்தான் கேட்டார். 'இம்மியூட்டபிள் வேரியபிள்' என்று ஆங்கிலத்தில் படிக்கும்போது அது ஏதோ ஒரு தொழில்நுட்பச் சொல்லாகக் கடந்து போய்விடுகிறது. தமிழில் சொன்னதும் சோற்றில் கல் மாதிரி பல்லில் படுகிறது.

நான் சொன்ன பதில் இது: "லெட் போட்டா அந்த மதிப்பு மாறாது. மாறணும்னா கூட மியூட் சேத்துக்கோங்க. அவ்ளோதான்."

பல பயிற்சி வகுப்புகளிலும் வீடியோக்களிலும் இதே பதிலைத்தான் கேட்டிருக்கிறேன். அது தப்பு என்பது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் அந்த மாணவி, தனக்கு இந்த மொழியே வராது என்ற முடிவுக்கு வந்திருந்தார். இந்தக் குறிப்பு அந்தப் பதிலைப் பற்றியது. என்னைப் போன்றவர்களை அப்படிச் சொல்ல வைக்கும் ரஸ்ட்டின் சொல் தேர்வைப் பற்றியதும்கூட.

லெட் எதைத் தடுக்கிறது?

'லெட் எக்ஸ்' என்று எழுதி 5 வைக்கிறோம். அடுத்த வரியில் எக்ஸுக்கு 6 கொடுத்தால் கம்பைலர் விடாது. மாறாத மாறிக்கு இரண்டு தடவை மதிப்புக் கொடுக்க முடியாது என்று 0384 எண் பிழை வரும். சரி. ஆனால் இரண்டாவது வரியிலும் 'லெட் எக்ஸ்' என்றே எழுதி 6 வைத்தால் ஒன்றும் சொல்லாது. இதற்கு ஷேடோயிங் என்று பெயர்.

"மாறாதுன்னீங்க, இப்ப மாறிடுச்சே?" என்பது அடுத்த கேள்வி. மாறவில்லை. பழைய எக்ஸ் அப்படியே இருக்கிறது. அதே பெயரில் இன்னொன்று வந்து அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டும் வேறு என்பதற்கு டைப்பே சாட்சி: முதல் எக்ஸ் எழுத்துச் சரமாகவும் இரண்டாவது அதன் நீளத்தைச் சொல்லும் எண்ணாகவும் இருக்கலாம். இதையே மியூட் போட்டு ஒரே மாறியில் செய்யப் பார்த்தால் டைப் பொருந்தவில்லை என்று பிழை வரும். அதாவது, மியூட் மதிப்பை மாற்றவிடும். டைப்பை ஒருநாளும் மாற்றவிடாது.

இப்போது மாறிலி. ரஸ்ட்டில் அதற்குத் தனியாக 'கான்ஸ்ட்' இருக்கிறது. அதன் மதிப்பு கம்பைல் நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும், டைப்பையும் நாமே எழுத வேண்டும். லெட்டுக்கு இந்த நிபந்தனைகள் இல்லை. பயனர் தட்டுவதை, கோப்பிலிருந்து வருவதை, ஓடும்போது கணக்கிட்டதை எல்லாம் அதில் வைக்கலாம். ஆக, மாணவி கேட்டதற்கு நேர்மையான பதில்: கான்ஸ்ட்தான் மாறிலி. லெட் என்பது ஒரே ஒரு தடவை மதிப்பு ஏற்றுக்கொள்ளும் ஒரு *பெயர்*.

பெயர் என்ற சொல்லை ஏன் அழுத்துகிறேன்? ஒரு வெக்டரை 'லெட் வி' என்று வைத்தால் அதில் புஷ் செய்ய முடியாது. 0596 எண் பிழை வரும். ஆனால் அடுத்த வரியில் 'லெட் மியூட் டபிள்யூ' என்று எழுதி வி-யை அதற்குக் கொடுங்கள். இப்போது புஷ் வேலை செய்யும். ஹீப்பில் இருக்கும் நினைவகம் அதேதான், உள்ளே இருக்கும் எண்களும் அதேதான். மாறாமை அந்த மதிப்பின் குணம் என்றால் இது எப்படி நடக்கும்? சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டின் குணம் இல்லை. அப்போதைய வீட்டுக்காரர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. வீடு கைமாறினால் புதியவர் அடிக்கலாம்.

டைப்பிலும் அது சேராது. 'மியூட் ஐ32' என்று ஒரு டைப் ரஸ்ட்டில் கிடையாது. ஒரு ஃபங்ஷன் தன் பாராமீட்டர் பெயருக்கு முன்னால் மியூட் போட்டுக்கொண்டால் அது அந்த ஃபங்ஷனின் வீட்டு விஷயம். கூப்பிடுபவருக்குத் தெரிய வேண்டியதுகூட இல்லை.

அதே சொல், வேறு வேலை

குழப்பத்தின் வேர் ரெஃபரன்ஸில் இருக்கிறது. வெறும் ஆம்பர்சண்ட் போட்டது ஒன்று, ஆம்பர்சண்டோடு மியூட் சேர்ந்தது இன்னொன்று. இவை இரண்டும் உண்மையிலேயே இரண்டு வேறு டைப்கள். லெட்டில் டைப்பைத் தொடாத அதே மியூட், இங்கே டைப்பின் பகுதியாகிவிடுகிறது. படிக்க வருபவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை.

முதலாவது படிக்க மட்டும், இரண்டாவது மாற்றவும் செய்யலாம் என்று எல்லாரும் அட்டவணை போடுகிறோம். கம்பைலரும் 'இம்மியூட்டபிள் பாரோ' என்றே பேசுகிறது. வெக்டரின் முதல் உறுப்புக்கு ஒரு ரெஃபரன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, புஷ் செய்துவிட்டு, பிறகு அந்த ரெஃபரன்ஸைப் படித்தால் 0502 எண் பிழை வரும். ஏற்கெனவே இம்மியூட்டபிளாக வாங்கியிருப்பதை மியூட்டபிளாக வாங்க முடியாது என்று அது சொல்லும். காரணம் சரியானதுதான். புஷ் செய்யும்போது இடம் போதாவிட்டால் வெக்டர் வேறு இடத்துக்குக் குடிபோகும். பழைய முகவரி செல்லாது.

இந்த அட்டவணை எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

ஆர்சி-யில் குளோன் எடுத்தால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை ஒன்று கூடும். நினைவகத்தில் உண்மையாகவே ஓர் எண் மாறுகிறது. ஆனால் குளோன் வாங்கிக்கொள்வது வெறும் ஆம்பர்சண்ட். அட்டாமிக் எண்ணில் ஒன்றைக் கூட்டவும் அதே வெறும் ஆம்பர்சண்ட் போதும். மியூட்டெக்ஸைப் பூட்டி உள்ளே இருப்பதை மாற்றவும் அது போதும். ஒரு கோப்பைத் திறந்து, மியூட் இல்லாத ரெஃபரன்ஸ் வழியாகவே அதில் எழுதலாம்.

'படிக்க மட்டும்' என்ற விளக்கம் இவற்றில் ஒன்றுக்கும் பொருந்தாது. பொருந்தும் விளக்கம் இது: வெறும் ஆம்பர்சண்ட் என்றால் *பகிர்ந்தது*, வேறு யாரும் அதே சமயத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆம்பர்சண்ட் மியூட் என்றால் *தனியுரிமை*, அது இருக்கும்வரை வேறு யார் கையிலும் அந்தப் பொருள் இல்லை. பகிர்ந்த ரெஃபரன்ஸைப் பிரதி எடுத்து எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தனியுரிமை ரெஃபரன்ஸைப் பிரதி எடுக்க முடியாது. விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மாற்றுவது தனியுரிமையால் கிடைக்கும் ஒரு வசதி. பகிர்ந்த நிலையிலும் மாற்ற வேண்டுமானால் செல், ரெஃப்செல், மியூட்டெக்ஸ் போன்று அதற்கென்று செய்த டைப் வேண்டும். அவை இல்லாமல் பகிர்ந்ததை மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கம்பைலர் தன் வேகக் கணக்குகளைப் போடுகிறது.

இதே மாதிரி இன்னொரு அரைப் பதில்: "ஸ்ட்ரிங் மாறும், ஸ்ட்ர் மாறாது." இதையும் சொல்லியிருக்கிறேன். தனியுரிமை ரெஃபரன்ஸ் கையில் இருந்தால் ஸ்ட்ருக்குள் இருக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளை அங்கேயே பெரிய எழுத்தாக்கலாம், அதற்கென்று மெத்தடே இருக்கிறது. ஸ்ட்ரால் முடியாதது நீளுவது. இடம் அதற்குச் சொந்தமில்லை. வித்தியாசம் உரிமையில் இருக்க, நாம் மாறாமையில் தேடுகிறோம்.

மூன்றாவது வாரம்

அந்த மாணவி ஒரு சின்ன நூலக நிரல் எழுதினார். புத்தகத்தைத் தேடும் மெத்தடில், எத்தனை தடவை தேடினார்கள் என்று ஓர் எண்ணிக்கையும் சேர்த்தார். மெத்தட் வெறும் ஆம்பர்சண்ட் செல்ஃப் வாங்கியது, எண்ணிக்கையைக் கூட்ட முடியவில்லை. என் பதில் நினைவில் இருந்ததால் மியூட் சேர்த்தார். அதைக் கூப்பிட்ட மெத்தடிலும் சேர்க்க வேண்டி வந்தது, பிறகு அதைக் கூப்பிட்டதிலும். கடைசியில் 0502-இல் போய் முட்டினார். எங்கோ தேடிப் பார்த்து, எல்லாவற்றையும் ரெஃப்செல்லுக்குள் போட்டார். கம்பைல் ஆனது. ஓடும்போது, ஒரு மெத்தட் வாங்கி வைத்திருப்பதை இன்னொன்றும் வாங்கப் போக, நிரல் பாதியில் நின்றது.

எனக்கு வந்த செய்தி: "அண்ணா, மாறாதுன்னு சொன்னீங்க. இப்ப மியூட்டே இல்லாம மாறுது. ஓடும்போது நின்னுடுது. எனக்கு இது வராது போலண்ணா."

அவர் செய்ததில் ஒரு படிகூட முட்டாள்தனம் இல்லை. நான் கொடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு சரியாகத்தான் நடந்தார். வரைபடம் தப்பு. அவருக்கு வேண்டியிருந்தது வெறும் ஓர் எண்ணைப் பகிர்ந்த நிலையில் கூட்டுவது. அதற்கு அந்த ஒரு ஃபீல்டை மட்டும் செல்லில் வைத்தால் போதும். செல் உள்ளே இருப்பதற்கு ரெஃபரன்ஸ் தராது, மதிப்பை எடுக்கும், வைக்கும், அவ்வளவுதான். அதனால் ஓடும்போது ரெஃப்செல் மாதிரி நிற்கவும் வழியில்லை. "பகிர்ந்தது, தனியுரிமை" என்ற இரண்டு சொற்களை முதல் நாளே சொல்லியிருந்தால் இதை அவரே கண்டுபிடித்திருப்பார்.

மொழியைக் குறை சொல்லலாமா?

சொல்லலாம். ரஸ்ட்டை உருவாக்கியவர்களுக்குள்ளேயே இது பேசப்பட்டது. 2014 மே மாதம் நிக்கோ மட்சாகிஸ் தன் பதிவில் ஒரு யோசனை வைத்தார். உள்ளூர் மாறிகளில் லெட், லெட் மியூட் என்ற பிரிவே வேண்டாம், ஆம்பர்சண்ட் மியூட்டுக்குத் தனியுரிமையைக் காட்டும் ஒரு பெயர் வைக்கலாம் என்பது அதன் சாரம். பெரிய விவாதம் நடந்தது. 'மியூட்போகலிப்ஸ்' என்று கிண்டலாகப் பெயரும் வந்தது. யோசனை ஏற்கப்படவில்லை. 2015 மே 15 அன்று 1.0 வெளியானபோது மியூட் இரண்டு இடத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

என் கருத்தில் அந்த யோசனையின் முதல் பாதி வேண்டாததுதான். லெட் மியூட் படிப்பவருக்கு உதவுகிறது, இந்தப் பெயரின் மேல் கண் வை என்கிறது. இரண்டாவது பாதியை விட்டது நஷ்டம்.

டி மொழியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 'இம்மியூட்டபிள்' டைப்பின் பகுதி, உள்ளே தொட்டுப் போகும் எல்லாவற்றுக்கும் அது பரவும். 'கான்ஸ்ட்' என்றால் என் வழியாக மாற்ற முடியாது, வேறு வழியாக மாறலாம். அந்த மொழியின் ஸ்ட்ரிங் என்பதே மாறாத எழுத்துகளின் வரிசை. அந்த மாறிக்கு வேறு ஸ்ட்ரிங்கைக் கொடுக்கலாம், இருக்கும் எழுத்தைத் திருத்த முடியாது. பெயர் மாறுவதும் பொருள் மாறுவதும் வேறு என்பது டைப்பிலேயே தெரிகிறது. இதற்கும் விலை உண்டு. ஓரிடத்தில் எழுதிய தகுதிச்சொல் நிரல் முழுக்கப் பரவும். ஆனால் 'மாறாதது' என்று சொன்னால் மாறாது. ரஸ்ட்டில் அந்தச் சொல்லை நம்ப முடியவில்லை.

ரஸ்ட்டின் அதிகாரப்பூர்வப் புத்தகத்தின் வரிசையும் ஒரு காரணம். மாறிகளும் மாறாமையும் மூன்றாம் அத்தியாயம். ரெஃபரன்ஸ் நான்காம் அத்தியாயம். ரெஃப்செல் பதினைந்தாம் அத்தியாயம். நடுவில் பத்து அத்தியாயம் வரை வாசகர் 'படிக்க மட்டும்' என்ற படத்தோடுதான் நடக்கிறார். நல்ல புத்தகம்தான், நானும் அதில்தான் படித்தேன். நான்காம் அத்தியாயத்தில் இரண்டு வரி கூடுதலாக இருந்தால் போதும் என்கிறேன்.

முதல் நாளே பகிர்வு, தனியுரிமை என்றால் பயந்துவிடுவார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பேனாவை நாலு பேர் பார்க்கலாம், ஒருவர்தான் எழுதலாம் என்பது குழந்தைக்கும் தெரியும். பயமுறுத்துவது, மாறாது என்று சொன்னது கண்ணெதிரே மாறும்போதுதான்.

அந்த மாணவி விட்டுவிடவில்லை. மெசேஜ் வந்த அன்றே ஃபோனில் பேசி, தப்பு என் பதிலில் என்று சொன்னேன். ரெஃப்செல்லை எல்லாம் அவரே பிடுங்கிப்போட்டுவிட்டு ஒரு செல்லோடு முடித்தார். என் வகுப்புக் குறிப்பின் முதல் பக்கத்தையும் திருத்திவிட்டேன். 'மாறாத மாறி' இருந்த இடத்தில் 'ஒருமுறை வைக்கும் பெயர்' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.