செய்தித் தமிழும் செய்பவனும்

நாள்தோறும் வெளிவரும் செய்தித்தாளை ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. கல்வெட்டொன்றில் வேற்றுமையுருபு பிறழ்ந்திருப்பின் அதுபற்றிக் கட்டுரை வரைகின்றோம். இலட்சக்கணக்கானோர் காலைதோறும் படிக்கும் உரைநடையில் செய்பவன் காணாமற்போயின் கவலையுறுவதில்லை. ஆதலின் செய்தித் தமிழின் தொடரமைப்பில் இவ்வொரு கூற்றை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வினை உணர்த்துவன ஆறு எனக் கூறும் பவணந்தியார், அவற்றுள் செய்பவனையே முதற்கண் வைத்தார். கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்பன அவன் பின்னரே நிற்கின்றன. இவ்வாறனையும் கையிற்கொண்டு ஒரு செய்தியை நோக்குவோம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் செம்பு உருக்காலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாம் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் பேரணியாகச் சென்றனர். காவலர் சுட்டனர். பதின்மூவர் மாண்டனர். இதனைச் செய்தித் தமிழ் பெரும்பாலும் எவ்வாறு கூறும்? ‘துப்பாக்கிச் சூடு நடந்தது, 13 பேர் பலி’ என்னும் வாய்பாட்டிற் கூறும்.

இத்தொடரில் நிலமும் காலமும் முன்பின்னாக வந்துவிடுகின்றன. கருவியாகிய துப்பாக்கி முன்னிற்கின்றது. செய்பவன் மட்டும் இல்லை. ‘சுட்டனர்’ என்னும் முற்றில் விகுதியே செய்பவரைக் காட்டிவிடும். எழுவாயை நீக்கினும் ‘யாவர் சுட்டனர்?’ என்னும் வினா எஞ்சி நிற்கும். ‘சூடு’ என்பதோ முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதற்குக் காலமும் இல்லை. செய்பவனைச் சுட்டும் விகுதியும் இல்லை. அதனையே எழுவாயாக்கி ‘நடந்தது’ என முடிக்குங்கால், மழை பெய்தது போலவும் தேர்த்திருவிழா நடந்தது போலவும் அச்செயல் தானே நிகழ்ந்ததாகிவிடுகின்றது. ‘குண்டு பாய்ந்தது’ என்பது இன்னும் ஒரு படி மேற்சென்று கருவியையே வினைமுதலாக்குகின்றது. ‘பலி’ என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. பலி என்பது கொடுக்கப்படுவது. ஆயின் கொடுத்தவரும் கொண்டவரும் இன்றியே செய்தித்தாளில் அது வழங்குகின்றது.

இத்தகைய அமைப்புத் தமிழுக்குப் புதிதன்றே எனின், ஆம், புதிதன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வினையியலில் தழுவிக்கொண்டார். திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டதாகப் பேசும் உலகவழக்கை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டுவர். ஆயின் திண்ணையை மெழுகியவள் யாரென வீட்டார் அனைவரும் அறிவர். சொல்லாது விடுவதனால் எவர்க்கும் கேடில்லை. கேட்போர் அறிந்ததைச் சொல்லாது விடுதல் வேறு. அறிய வேண்டியதை மறைத்தல் வேறு. இலக்கணம் முன்னதற்கு அளித்த இசைவைச் செய்தித்தாள் பின்னதற்குப் பயன்படுத்துகின்றது.

சட்டத்திற்கு அஞ்சியே இவ்வாறு எழுதுகின்றனர் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை. குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன் ஒருவனைக் குற்றவாளி என்றெழுதல் தகாது. ஆனால் சுட்டவர் காவலர் என்பது அன்று ஐயத்திற்கு இடனாக இருக்கவில்லை. அது முறையோ அன்றோ என்பதே வழக்கு. மேலும், அதே தாளின் மற்றொரு பக்கத்தில் ஆடு திருடியதாகப் பிடிபட்டவனின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர் அனைத்தும் குறைவற வெளிவருகின்றன. எளியவன் செய்யின் செய்வினை, வலியவர் செய்யின் தொழிற்பெயர் என்பது எந்நூல் வகுத்த விதியோ, அறியோம்!

இக்குறைக்கு மொழியின் எளிமையைக் காரணமாகக் கூறுவதும் பொருந்தாது. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும் எட்டும் தமிழையே நாடினார். அவர் வளர்த்த குறுந்தொடர், செய்பவனை மறைக்கும் இயல்புடையதன்று. ‘போலீசார் சுட்டனர்’ என்பதினும் எளிய தொடர் ஒன்று உண்டோ? மறைக்கும் நடை அரசு அலுவலகக் குறிப்பின் நடை. அக்குறிப்பு மாற்றமின்றி அச்சேறும்போது அந்நடையும் உடன் ஏறுகின்றது.

விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான அவ்வாணையம் காவல் அதிகாரிகளைப் பெயர் சுட்டி நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. தொடரைவிட்டுப் போன செய்பவர் மீண்டு வர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

செய்தித்தாளில் இவ்வாறு மறையும் செய்பவன் திரைப்படத்தில் மறைவதேயில்லை. ‘நாடோடி மன்னன்’ (1958) முதல் ‘முதல்வன்’ (1999) வரை ஆட்சிச் சீர்கேட்டைக் களைபவன் ஒருவனே. திருத்தம் யாவும் அவன் வாய்ச்சொல்லால் நிகழ்வன. 2018 நவம்பரில் வந்த ‘சர்கார்’ இவ்வகையில் சுவையான சான்று. தன் வாக்கை வேறெவரோ முன்னரே செலுத்திவிட்டதைக் காண்பதே அதன் கதைத்தலைவனது சினத்திற்குத் தோற்றுவாய். பெயரறியாச் செய்பவன் ஒருவனைத் தேடித் தொடங்கும் கதையும் விரைவில் ஒரு தலைவனின் செயலாகவே முடுகிச் செல்கின்றது. மக்கள் அங்கே கைதட்டுவோராகவும் கண்ணீர் வடிப்போராகவும் உளர். வினைமுதலாக அரிதின் வருகின்றனர். ஒருபுறம் செய்பவனற்ற செய்தி, மறுபுறம் ஒருவனே செய்யும் கதை. இவ்விரண்டையும் ஒருங்கே நுகரும் வாசகர்க்கு, நூறு நாள் கூடியிருந்த ஊரார் ஒரு வினைக்கு எழுவாயாவர் என்னும் எண்ணம் தோன்றுவது கடினம்.

இவ்விரு நடைகளும் ஒரே இடத்தில் எதிர்ப்பட்ட நாள் 2018 மே 30. ‘காலா’ வெளிவருவதற்கு எட்டு நாள் முன்னர், அதன் நாயகராகிய ரஜினிகாந்த் தூத்துக்குடி சென்று காயமுற்றோரை மருத்துவமனையிற் கண்டார். வன்முறைக்குக் காரணம் கூட்டத்திற் புகுந்த சமூக விரோதிகளே எனவும் அன்று கூறினார். செய்பவர்க்கு ஒரு சொல் கிடைத்தது. ஆனால் பெயரில்லை, ஊரில்லை, எண்ணில்லை. எவர்மீதும் பொருத்தவல்ல பொதுப்பெயர் அது.

அம்மருத்துவமனையிலேயே, காயமுற்ற இளைஞர் ஒருவர் அவரை நோக்கி ‘யார் நீங்கள்?’ என வினவிய காட்சி நாடெங்கும் பரவிற்று. அவர் தம் பெயரைக் கூறினார். இதனை நகைச்சுவைத் துணுக்காகவே பலரும் பகிர்ந்து மகிழ்ந்தனர். நன்னூலார் வகுத்த அறுவகை வினாக்களுள் அவ்விளைஞர் கேட்டது அறிவினா என்பதில் நமக்கு ஐயமில்லை. விடையோ அறியாவினாவிற்கு உரியதாக வந்தது.