லாம்புருஸ்கோ: ஊருக்கு ஒரு பாணி

இத்தாலியின் எமிலியா பகுதியில் விருந்து என்றால் அதில் பன்றிக்குத்தான் முதல் மரியாதை. பார்மாவின் உப்பிட்டு உலர்த்திய தொடை இறைச்சி, பொலோஞ்ஞாவின் மொர்ததெல்லா, பன்றியின் முன்னங்கால் தோலுக்குள் இறைச்சியை அடைத்து வேகவைக்கும் மொதெனாவின் ட்சம்போனே, கொழுப்பில் பொரித்த ஞோக்கோ. போதாததற்குப் பார்மிஜானோ பாலாடைக்கட்டி வேறு. இவ்வளவு கொழுப்பையும் நாக்கிலிருந்து வழித்துவிடப் புளிப்பும் நுரையுமாக ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதற்கென்றே அந்த மண்ணில் வளர்ந்த சிவப்பு ஒயின்தான் லாம்புருஸ்கோ. அந்தச் சாப்பாட்டை விலக்கிவிட்டு, வெறும் கோப்பையில் ஊற்றி ருசி பார்த்து, 'மலிவுச் சரக்கு' என்று எழுதித் தள்ளியவர்கள் உண்டு. அவர்கள் எடைபோட்டது பாதி லாம்புருஸ்கோவைத்தான்.

லாம்புருஸ்கோ ஒரே திராட்சை அல்ல. பத்துக்கு மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம் அது. பழைய நாளில் எல்ம் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகளில் காய்த்தது. மொதெனாவைச் சுற்றியுள்ள மூன்று பாணிகளுக்கு 1970இல் அரசின் டி.ஓ.சி. (பிறப்பிடப் பெயர்) அங்கீகாரம் கிடைத்தது. இன்றும் பேச்சு இந்த மூன்றைச் சுற்றியே நடக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியது சொர்பாரா. மொதெனாவுக்கு வடக்கே, செக்கியா, பனாரோ ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே மணல் கலந்த வண்டல் நிலம், அங்கே விளைகிறது. இந்தக் கொடியின் பூவில் ஒரு குறை உண்டு. மகரந்தம் இருக்கிறது, ஆனால் மலட்டு மகரந்தம். வேறு வகைக் கொடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே இதே குடும்பத்துச் சலமீனோ என்ற வகையின் கொடிகளை இடையிடையே நட்டுவைக்கிறார்கள். அப்படியும் பூவில் பாதி உதிர்ந்துபோகும். சில மணிகள் மிளகளவிலேயே நின்றுவிடும். கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மணிக்கும் மணிக்கும் இடையே வெளிச்சம் தெரியும். விளைச்சல் கணக்குப் பார்க்கிறவனுக்கு இது நஷ்டம். ஒயினுக்கோ இதுதான் யோகம். நெருக்கம் இல்லாத கொத்தில் காற்று ஓடும், அழுகல் குறையும், சாறில் புளிப்பு கூர்மையாக நிற்கும். கோப்பையில் ஊற்றினால் சிவப்பு என்று சொல்லவே தயங்க வேண்டியிருக்கும், அவ்வளவு வெளிர் நிறம். வயலட் பூவின் மணமும் காட்டு ஸ்ட்ராபெர்ரியின் வாசமும் எழும். குடும்பத்தில் தலைமை இடம் இதற்கே என்பது என் கட்சி.

நகருக்குத் தெற்கே, மலையடிவாரத்துக் காஸ்தெல்வேத்ரோவில் விளைவது கிராஸ்பரோஸ்ஸா. இலையுதிர் காலத்தில் இலை மட்டுமல்ல, கொத்தின் காம்பும் சிவந்துவிடும். ஒயின் அடர்ந்த ஊதா நிறம்; நுரையும் ஊதாவாகவே பொங்கி அடங்கும். நாவற்பழம் தின்றதுபோல ஒரு துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். மூன்றாவதான சாந்தா குரோச்சே ஊர்ச் சலமீனோ, சிறிய சலாமி போல நீண்ட கொத்துக் கொண்டது. நிறத்திலும் புளிப்பிலும் முந்தைய இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, காய்ப்பிலும் தாராளம். பக்கத்து ரெஜ்ஜோ எமிலியாக்காரர்கள் ஒரே வகையைப் பிடித்துத் தொங்குவதில்லை. பலவற்றைக் கலப்பார்கள், நிறம் கூட்ட அஞ்செலொத்தா திராட்சையையும் சேர்ப்பார்கள்.

திராட்சையில் இருப்பது போலவே நுரை ஏற்றுவதிலும் கட்சிகள் உண்டு. பழைய வழி எளிது. குளிர்காலத்தில் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். மிச்சச் சர்க்கரையோடு புட்டியில் அடைத்துவிட்டால், வசந்தம் வந்து வெப்பம் ஏறியதும் உள்ளேயே மறுபடி நொதிக்கத் தொடங்கும். ஈஸ்ட் மண்டி அடியில் தங்கும், ஒயின் கலங்கலாக இருக்கும், புட்டிக்குப் புட்டி ருசியும் மாறும். 1895இல் ஃபெதெரீகோ மார்த்தினோத்தி என்ற இத்தாலியர் மூடிய பெரிய தொட்டிக்குள்ளேயே இரண்டாம் நொதித்தலை நடத்தும் முறையைக் கண்டார். 1907இல் பிரெஞ்சுக்காரர் ஷார்மா அதைச் செப்பனிட்டார். இன்று சந்தைக்கு வரும் லாம்புருஸ்கோவில் பெரும்பங்கு தொட்டியில் பிறந்ததுதான். தெளிவும் ஒரே சீரும் வேண்டுமானால் தொட்டி. ஆனால் சொர்பாராவின் கூர்மைக்கு மண்டியோடு கிடந்த புட்டிதான் பொருத்தம். மண்டி தரும் ரொட்டி வாசம் தொட்டியில் வராது. ஷாம்பேன் முறையில் ஆண்டுக்கணக்கில் வைத்து எடுப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள்.

சட்டம் எதை அளக்கிறது? சொர்பாரா என்று எழுத, அந்தத் திராட்சை குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் 85. சொர்பாராவுக்கு இந்தத் தளர்வு ஏன் என்பதற்கு மேலே சொன்ன பூவே பதில். லேசான நுரை வகையில் அழுத்தம் 2.5 பாரைத் தாண்டக் கூடாது. ஆனால் இனிப்பைச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. லிட்டருக்கு 15 கிராம் சர்க்கரைக்குள் இருந்தால் 'செக்கோ', 30 முதல் 50 வரை 'அமாபிலே', 45ஐத் தாண்டினால் 'தோல்சே' என்று பெயரிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒரே ஊர், ஒரே திராட்சை, ஒரே முத்திரை. உள்ளே இருப்பது எலுமிச்சையாகவும் இருக்கலாம், சர்பத்தாகவும் இருக்கலாம்.

அந்த வாசல் வழியாகத்தான் அமெரிக்கா வந்தது. 1950இல் ரெஜ்ஜோவில் தொடங்கிய ரியுனீத்தே கூட்டுறவின் இனிப்பு லாம்புருஸ்கோவை, மரியானி குடும்பத்தின் பான்ஃபி நிறுவனம் அங்கே இறக்குமதி செய்தது. ஐஸ் போட்டுக் குடியுங்கள் என்று தொலைக்காட்சி விளம்பரம் வேறு. 1980களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடிப் பெட்டிக்கு மேல் விற்றது. லாம்புருஸ்கோவை எள்ளி நகையாடும் ஒயின் பண்டிதர்கள், அந்த லாபத்தைக் கொண்டு அதே குடும்பம் 1978 முதல் மொந்தால்சீனோவில் எழுப்பிய பண்ணையின் புருனெல்லோ ஒயினைப் பயபக்தியோடு பருகுவது தனி வேடிக்கை.

அதற்காக இனிப்பு எல்லாமே கள்ளச் சரக்கு என்று சொல்வதும் சரியல்ல. கிராஸ்பரோஸ்ஸாவின் துவர்ப்புக்குக் கொஞ்சம் இனிப்பு தேவைப்படுகிறது. அதை அமாபிலேயாகக் குடிப்பது உள்ளூர்ப் பழக்கமே. சொர்பாராவில் சர்க்கரையை மிச்சம் வைப்பதுதான் பாவம், புளிப்பின் முனை மழுங்கிவிடும். இனிப்பு வேண்டுகிறவர் காஸ்தெல்வேத்ரோ பக்கம் போகட்டும். சொர்பாரா வாங்குகிறவர் 'செக்கோ' என்ற சொல்லைத் தேடிப் பார்த்து, 12 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, சாப்பாடு மேசைக்கு வந்த பிறகே திறக்கட்டும். தொட்டி முறையில் செய்ததை ஓராண்டுக்கு மேல் சேமிக்க வேண்டியதில்லை. பழமணம் போய்விட்டால் பிறகு அதில் குடிக்க ஒன்றுமில்லை.