இருவர் தங்கும் அறைக்கு ஒரே சாவியா?

இரண்டாம் நாள் காலை நான் குளிக்கப் போனேன். மனைவி கோப்பி வாங்கிவரக் கீழே இறங்கினார். பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தருகிற சிங்கப்பூர்க் கோப்பி. வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை எடுத்துக்கொண்டு பதினான்காவது மாடிக்கு வந்துசேர அரை மணி நேரம் ஆகிவிட்டது. அந்த லிஃப்டில் மாடி எண்ணை அழுத்தினால் மட்டும் போதாது, சாவியையும் காட்ட வேண்டும். சாவி என் போனுக்குள் இருந்தது. போன் அறையில் சார்ஜில் கிடந்தது. குளித்து முடித்துப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். ஓடிப்போய் அழைத்துவந்தேன். கோப்பி ஆறிவிட்டது.

"என்னங்க, ரூம் நம்ம ரெண்டு பேருக்கும்தானே எடுத்தோம்?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு கருவியையும் மீதி நாள்களில் இந்தக் கேள்வியை வைத்தே பார்த்தேன். சிராங்கூன் சாலைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் புது டிசைன் ஹோட்டல் அது. மூன்று இரவு தங்கினோம். பெயர் எழுதவில்லை. இதே வகைக் கருவிகளைத்தான் பல நகரங்களில் பல பெயர்களில் புதிய ஹோட்டல்கள் மாட்டிவருகின்றன. நீங்கள் அடுத்து தங்கப்போகும் இடத்திலும் இவை இருக்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நுழைவு வேலை அருமை. வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்பதற்குப் பதிலாக இரண்டு கியோஸ்க். பாஸ்போர்ட்டை வைத்து, கேமராவைப் பார்த்து நின்றால் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டு முடித்துவிடுகிறது. சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையமும் இந்த முறையை 2019-இல் சோதனையாகத் தொடங்கின. விமானத்தில் தூக்கம் கெட்டு வந்து இறங்குகிறவருக்கு நான்கு நிமிடத்தில் அறை கிடைப்பது பெரிய ஆறுதல். ஒரு தடங்கல் மட்டும் உண்டு. சாவிக்கான செயலி ஓடிபி அனுப்புகிறது. அது இந்திய எண்ணுக்குத்தான் போகும். ரோமிங் போடாமல் உள்ளூர் சிம்மை மாட்டிக்கொண்டவர் அங்கேயே நின்றுவிடுவார். சென்னையில் விமானம் ஏறும் முன்பே செயலியை இறக்கிப் பதிவுசெய்துவிடுங்கள்.

இனி சாவி. கதவருகே போனைக் கொண்டுபோனால் ப்ளூடூத் வழியாகப் பூட்டு அடையாளம் கண்டு, இரண்டு நொடியில் பச்சை விளக்கு எரிகிறது. மூன்று நாளில் ஒருமுறைகூடத் தவறவில்லை. பூட்டின் மேல் குறையே கிடையாது. யார் பெயரில் முன்பதிவோ அவருடைய போனுக்கு மட்டும்தான் சாவி போகும் என்று செயலியை எழுதிவைத்திருப்பதுதான் குறை. மனைவியும் தன் பாஸ்போர்ட்டை வைத்தார், தன் முகத்தைக் காட்டினார். கணினிக்கு அவர் இருப்பது தெரியும். இருந்தும் சாவி கொடுக்கவில்லை. தொழில்நுட்பத்தால் முடியாத காரியமா என்றால் அதுவும் இல்லை. ஹில்டன் 2015-இலேயே போன் சாவியைக் கொண்டுவந்தது. அதைக் கூடத் தங்குகிறவருடன் பகிர்ந்துகொள்ளும் வசதியை 2021-இல் சேர்த்தது.

அன்று காலையே கீழே போய்க் கேட்டோம். மேசையில் இருந்த தமிழ்ப் பெண், மனைவியிடம், "கார்டு இருக்குக்கா. மிஷின்ல வராது, எங்ககிட்ட கேட்டாத்தான் தருவோம்" என்று சொல்லி அரை நிமிடத்தில் ஒரு கார்டு போட்டுக் கொடுத்தார். அறையின் பிரச்சினைகளில் பாதி அதோடு தீர்ந்தது. கார்டுதான் பாதுகாப்பு, போன் ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சாஃப்லாக் வகை ஹோட்டல் கார்டுப் பூட்டுகளில் இருந்த ஓட்டையைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். 131 நாடுகளில் சுமார் 30 லட்சம் கதவுகள் அந்த வகை. எந்தச் சாவியானாலும் இரவில் உள்தாழ்ப்பாளைப் போட மறக்கக் கூடாது.

அறைக்குள் ஸ்விட்ச் என்று எதுவும் கண்ணில் படாது. கட்டிலின் இடப்பக்கம் ஒரு டேப்லெட். விளக்கு, திரைச்சீலை, ஏ.சி., டி.வி. எல்லாம் அதில்தான். பகலில் அழகாக வேலை செய்கிறது. 'மாலை' என்று தொட்டால் வெள்ளை விளக்குகள் மஞ்சளாகத் தணிகின்றன. திரைச்சீலை பாதி மூடுகிறது. மழை பெய்யும் ஒரு சாயங்காலம் அந்த வெளிச்சத்தில் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே குடைகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இரவு இரண்டு மணிக்குக் கதை வேறு. மனைவி குளியலறைக்குப் போக எழுந்தார். டேப்லெட் என் பக்கம். அதை எடுத்ததும் திரை முழு வெளிச்சத்தில் முகத்தில் அடிக்கிறது. கண்ணாடி போடாமல் அந்தச் சின்ன எழுத்துகள் படிக்க வரவில்லை. 'இரவு விளக்கு' என்று நினைத்து அவர் தொட்டது 'காலை'. பத்து விளக்கும் எரிந்தன, மோட்டார் உறுமித் திரைச்சீலை திறந்தது, டி.வி.யில் வரவேற்பு இசை. அடுத்த அரை மணி நேரம் இருவருக்கும் தூக்கம் இல்லை. சாதாரண ஸ்விட்ச் என்றால் இருட்டில் விரலே தேடிக் கண்டுபிடித்துவிடும். வழவழப்பான கண்ணாடித் திரையில் விரலுக்குத் தடம் ஏது? கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரு பொத்தான், தரையோரம் அசைவுக்கு எரியும் ஒரு சின்ன விளக்கு. இவ்வளவு இருந்தால் போதும்.

அதே டேப்லெட்டில் மொழி மாற்றும் பக்கமும் உண்டு. ஆங்கிலம், சீனம், ஜப்பானியம், கொரியன். மலாய் இல்லை, தமிழ் இல்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கையும் ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடு அது. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பைப் படித்துவிட்டு வந்த எனக்கு அறைக்குள் தமிழ் கிடைக்காதது வருத்தமாகவே இருந்தது. மென்பொருளில் இன்னொரு மொழி சேர்க்கச் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

முதல் இரவு மூன்றரை மணிவாக்கில் வியர்த்து விழித்தோம். ஏ.சி. நின்றுபோயிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்ததும் தானாக ஓடத் தொடங்கியது. ஐந்து மணிக்கு மறுபடியும் அதே கதை. காரணம் கூரையில் இருக்கும் சென்சார். உடல் வெப்பம் இடம் மாறுவதைத்தான் அந்த வகை சென்சார் உணரும். வெப்பம் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தால் அதற்குத் தெரியாது. போர்வைக்குள் ஆழ்ந்து தூங்கும் இருவரும் அதன் கணக்கில் காலி அறை. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் எண்ணம் நல்லதுதான், அதை நான் மனதார ஆதரிக்கிறேன். கதவு திறந்து மூடியதையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் இந்தத் தவறு வராது. மூச்சின் அசைவைக்கூடப் பிடிக்கிற ரேடார் சென்சார்களும் வந்துவிட்டன. மறுநாள் சொன்னதும் மேசையில் இருந்தபடியே எங்கள் அறைக்கு அந்த அமைப்பை நிறுத்திவைத்தார்கள். அடுத்த இரண்டு இரவும் நிம்மதி.

தூங்குகிறவரைக் கருவி தவறாகப் புரிந்துகொள்வது புதிதும் அல்ல. ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 2015-இல் திறந்த ஹென் நா ஹோட்டலில் படுக்கையருகே ஒரு பொம்மை ரோபோ வைத்திருந்தார்கள். விருந்தினரின் குறட்டையை அது தன்னிடம் பேசுவதாக எடுத்துக்கொண்டு, எழுப்பி, மறுபடி சொல்லச் சொன்னது. அங்கே இருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டதாக 2019-இல் செய்தி வந்தது.

குளியலறைச் சுவர் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் தெளிவாகும், விட்டால் பால்போல வெளுக்கும். கண்ணாடிக்குள் இருக்கும் மென்படலத்தில் திரவப் படிகத் துளிகள் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது அவை வரிசையாக நின்று ஒளியை விடுகின்றன. மின்சாரம் நின்றால் கலைந்து மறைக்கின்றன. ஆகவே கரண்ட் போனாலும் மறைவு போகாது. ஆனால் உள்ளே விளக்கு எரிந்தால் நிழல் தெரிகிறது, சத்தமும் தெளிவாக வெளியே கேட்கிறது. எங்களுக்குத் திருமணமாகி இருபது ஆண்டு, பரவாயில்லை. அக்கா தங்கையோ, அம்மாவும் வளர்ந்த மகனோ தங்குவதாக இருந்தால் இந்த வகை அறையைத் தவிர்க்கலாம்.

இனி, அந்த அறையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள். படுக்கையின் தலைமாட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாசிப்பு விளக்குகள். கட்டைவிரல் தடிமன், வளைகிற பித்தளைத் தண்டு, நுனியில் ஒரு திருகு. திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு வெளிச்சம் மெல்ல ஏறும். ஒளி ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு மேல் சிந்தவில்லை. நான் நள்ளிரவு வரை படித்தேன். ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த மனைவி அசையவே இல்லை. அதில் செயலி இல்லை, வைஃபை இல்லை. ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார் என்பதை யோசித்து யாரோ செய்திருக்கிறார். அதே அறையில் டேப்லெட் ஒன்றுதான், வயர்லெஸ் சார்ஜரும் ஒன்றுதான், இரண்டும் இடப்பக்கம்தான். மனைவி பக்கம் இருந்ததோ மூன்று செவ்வக முனை ப்ளக்குக்கான ஒரே ஒரு சாக்கெட். நம் ஊர் ப்ளக் அதில் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

தண்ணீர் பாட்டிலை ரோபோ கொண்டுவந்தது. அமெரிக்க ஹோட்டல் ஒன்றில் 2014-இல் தொடங்கிய வழக்கம் இது. ரோபோ வைஃபையில் லிஃப்டை அழைத்து, மேலே வந்து, அறைப் போனை ஒலிக்கவைக்கிறது. முதல் தடவை பார்க்க உற்சாகமாக இருந்தது. டி.வி.யில் தெரியும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, நம் போனில் இருக்கும் படத்தை அதில் ஓடவிடலாம். குறை சொல்ல எதுவும் இல்லை.

வாடகை இரவுக்கு 260 சிங்கப்பூர் வெள்ளி. அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின்மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. கையிலிருந்து போனது ஏறக்குறைய 312. தனியாக வேலைக்கு வந்து இரண்டு இரவு தங்குபவருக்கு இந்த அறை தாராளமாகத் தகும், பத்துக்கு எட்டு கொடுப்பேன். இருவருக்கு ஆறுதான். அந்த இரண்டு மதிப்பெண்ணைத் திரும்பப் பெற ஹோட்டல் பெரிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. செயலியில் இரண்டாவது பெயருக்கும் சாவி அனுப்பட்டும், கட்டிலின் இரண்டு பக்கமும் ஒரு பொத்தான் வைக்கட்டும்.

அதுவரை, ஜோடியாகப் போகிறவர்கள் கியோஸ்க்கோடு நின்றுவிடாமல் மேசையில் இருப்பவரிடம் இரண்டாவது கார்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். ஏ.சி. சென்சாரை இரவுக்கு நிறுத்திவைக்கவும் சொல்லுங்கள். இரண்டுக்கும் எங்களிடம் காசு வாங்கவில்லை.