சோப்புப் படலம் சொன்ன கூரை

கொஞ்சம் கம்பியை எடுத்து, கோணல்மாணலாக ஒரு வளையம் பண்ணுங்கள். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். நடுவில் பளபளவென்று ஒரு படலம் நிற்கும். வளையத்தை மூட எவ்வளவு குறைந்த பரப்பு போதுமோ, அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளும். துளி வீண் கிடையாது. ஜெர்மன் ஆர்க்கிடெக்ட் ஃப்ரை ஓட்டோ கூரைகளுக்கு வடிவம் தேடிய வழிகளில் இது ஒன்று.

1925-ல் பிறந்தவர். உலகப் போரில் விமானி. பிடிபட்டு, பிரான்சில் கைதி முகாமில் இருந்தபோது கட்டட வேலை இவர் தலையில் விழுந்தது. பொருள் கிடையாது, இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். அந்தச் சிக்கனம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. 1964-ல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில், எடை குறைந்த கட்டமைப்புகளை ஆராய ஒரு நிலையம் தொடங்கினார். வகுப்பு, சோதனைச்சாலை, ஆபீஸ் மூன்றும் இவருக்கு ஒன்றுதான்.

ரொம்பப் பிரபலம், 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரை. டிசைன் குந்தர் பெனிஷ் குழுவினுடையது, ஓட்டோ ஆலோசகர். மாடலை அளந்து கேபிள் வெட்டினால் துல்லியம் போதாதென்று கம்ப்யூட்டர் கணக்கில் இறங்கினார்கள். புதுக் கணித முறைகளே பிறந்தன. எல்லாம் சரி. மேலே சிலந்தி வலையாக மிதக்கிறதே, அதை இழுத்துப் பிடிக்க மண்ணுக்குள் எத்தனை கான்கிரீட்! லேசாக இருப்பது கண்ணுக்கு மட்டும்தானோ என்று எனக்கு நெருடல்.

என் ஓட்டு 1975 மான்ஹைம் மண்டபத்துக்கு. மெல்லிய மரச்சட்டங்களைத் தட்டையாகப் பின்னி, உயர்த்தி வளைத்த கூடு. வடிவத்தைச் சொன்னது தொங்கவிட்ட சங்கிலி வலை. தலைகீழாகத் திருப்பினால் கூரை, அவ்வளவுதான். தாங்குமா என்று பார்க்க, குப்பைத்தொட்டிகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டார்கள். தோட்டக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டியது இன்றும் நிற்கிறது.

2015 மார்ச் 9-ல் ஓட்டோ இறந்தார். மறுநாள் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு அறிவிப்பு வந்தது. நல்லவேளை, விஷயத்தை முன்பே அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

இப்போது மவுஸை இழுத்தால் எந்த வளைவும் வரும். வரைந்துவிட்டு, 'இதை எப்படி நிறுத்துவது?' என்று இன்ஜினீயரைக் கேட்கிறார்கள். அவர் இரும்பைக் கொட்டி நிறுத்துகிறார். ஓட்டோ இந்தக் கேள்வியை வரைவதற்கு முன்பே, அதுவும் சோப்புத் தண்ணீரிடம் கேட்டார். அவரிடமிருந்து வளைவை எடுத்துக்கொண்டவர்கள் கேள்வியை விட்டுவிட்டார்கள். அடுத்த முறை ஏர்போர்ட்டில் அலையலையாகக் கூரை பார்த்தால் வியந்துகொள்ளுங்கள். அப்படியே, அதைத் தாங்குவது அதன் வளைவா, ஒளித்து வைத்த இரும்பா என்றும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.